பூஜையில் வைத்த துப்பாக்கி

பிளேனோ, டெக்சாஸ்
22 அக்டோபர் 2008

அன்புள்ள மரகதம் நங்கையாவுக்கு,

கலாவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்ல வழியில்லை. உங்கள் தம்பி பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். தீபாவளிக்குக் கோயமுத்தூர் வரும் காமாக்ஷி ஆன்ட்டியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அத்தை கண்ணில் பட வேண்டாம்.

ஆகஸ்டில் அவருக்கு வேலை போய்விட்டது. உங்களிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மீறுகிறேன், பாவம் எனக்கே வரட்டும்.

பக்கத்து வீட்டு அம்மா, புருஷன் தவறிய பிறகு மகளோடு இருக்கப் போய்விட்டார். போகும் முன் காரேஜில் கிடந்த பழைய துப்பாக்கியை இவரிடம் கொண்டுவந்து, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, இது என்ன, எவ்வளவுக்குப் போகும் என்று பார்த்துச் சொல் என்றார். மேலே தாழ்ப்பாள் மாதிரி ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் தோட்டா ஏறும். போல்ட் என்கிறார்கள். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்து டார்ச் எடுத்தாரே!

டைனிங் டேபிளில் பேப்பர் விரித்துப் பிரித்தார், எண்ணெய் போட்டுத் துடைத்தார். நம்பரே இல்லை. அந்தக் காலத்தில் நம்பர் அடிக்க வேண்டும் என்று சட்டமே கிடையாதாம். குழலில் ஏதோ கடையின் பெயர். செய்தது வேறு கம்பெனி. நெட்டில் தேடித் தேடி மாடலைக் கண்டுபிடித்துவிட்டார். உப்புக்குப் பெறாத சாமான், நூறு டாலர் தேறினால் அதிகம் என்றதும், எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று அந்த அம்மா கிளம்பிவிட்டார். அன்று இவர் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளியிருக்கான் கலா. செஞ்சவன் ஒருத்தன், பேரு இன்னொருத்தன் பேரு. இதுக்குன்னு ஒரு நம்பர்கூடக் கெடையாது. ஒண்ணு போனா இன்னொண்ணு."

பத்து வருஷம் ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கி இன்னொரு கம்பெனிக்கு உழைத்தவர் அவர். துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது.

ஆயுத பூஜைக்கு எப்போதும் லேப்டாப்பைத்தான் வைப்பார். அதைத்தான் ஆபீசில் திரும்ப வாங்கிக்கொண்டார்களே. நான் அரிவாள்மனை, கார் சாவி, குழந்தை ஓவியாவின் புத்தகம் எல்லாம் வைத்தேன். அவர் துப்பாக்கியைக் கொண்டுவந்து நடுவில் கிடத்தி, சந்தனம் குங்குமம் வைத்தார். சாமி முன்னால் நான் என்ன சொல்ல? பூஜையில் வைத்ததை விஜயதசமியன்று எடுத்து ஒரு தடவையாவது பயன்படுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை நினைத்து எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

காலையில் அவர் குளிக்கப் போனதும் போல்ட்டை உருவி எடுத்துப் பட்டுப்புடவை மடிப்பில் ஒளித்துவிட்டேன். அவர் பிரிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பழகியிருந்தது. வந்தார், துப்பாக்கியைப் பார்த்தார். பூஜை முடித்து ஓவியாவைப் படிக்கச் சொன்னார், காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். போல்ட் எங்கே என்று என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நேற்று தபாலில் சின்னப் பெட்டி வந்தது. உள்ளே அதே மாதிரி போல்ட். மாடல் தெரிந்துவிட்டால் உதிரி கிடைப்பது சுலபமாம். மாட்டிப் பார்த்து, "கரெக்டா உக்காந்துருச்சு" என்றார். அதற்கப்புறம் முகம் தெளிந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டைப் பாராட்டினார். இன்சூரன்ஸ் பேப்பர் எந்த டிராயரில் இருக்கிறது, காருக்கு எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கோபமாக இருந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

தூக்கி எறி என்பீர்கள். எறியத்தான் போகிறேன். ஆனால் இந்த ஊரில் இன்னொன்று வாங்க ஒரு மணி நேரம் போதும். வீட்டில் தோட்டா இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். நாங்கள் பால் வாங்கும் கடையிலேயே அதுவும் விற்கிறார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால் எனக்கென்ன என்று சிரிக்கிறார். எங்களுக்கு நீங்கள் வேண்டும் என்று நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்.

அதனால் இதைப் படித்த கையோடு போன் பண்ணுங்கள். துப்பாக்கிப் பேச்சே எடுக்க வேண்டாம். உங்கள் பெண்ணின் நிச்சயத்தைக் கார்த்திகைக்கே வைத்துவிட்டோம் என்று சொல்லுங்கள். "செழியா, தாய்மாமன் நீ வந்து நின்னாத்தான் தட்டு மாத்துவோம்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் தீர்க்கசுமங்கலியா இரு என்பீர்கள். நானும் சரிங்க என்று வைத்துவிடுவேன். இந்தத் தடவை சாமி முன்னால் நின்று சொல்லுங்கள் நங்கையா.

உங்கள் காலில் விழுந்து கும்பிடும்,
கலாவதி