வலமாக ஓடிய உண்ணாமலை

அண்ணாமலையார் காலடியில் இருக்கிற என் காமாட்சி அக்காவுக்கு,

நீ போய் இரண்டு கார்த்திகை தீபம் தாண்டிவிட்டது. உன் மகள் உண்ணாமலை அடி அண்ணாமலையில் என் வீட்டில்தான் இருக்கிறாள். இருபத்தாறு வயசு முடிந்தது. மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். என்னோடு உட்கார்ந்து பூ தொடுக்கிறாள். நெருக்கமாகத் தொடுக்கத்தான் இன்னும் வரவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். மீதியைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும்.

கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது ஒன்றே ஒன்று. "பச்சை, நாலு பேரு சிரிக்கிற எடத்துக்கு மட்டும் என் பொண்ணைக் கூட்டிக்கினு போயிடாதடி." சரி என்றேன். அந்த வாக்கை மீறிவிட்டேன் அக்கா.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி நானும் அவளும் மலை சுற்றுகிறோம். இப்போது கூட்டம் ஜாஸ்தி, மெட்ராஸிலிருந்தெல்லாம் பஸ்ஸில் வருகிறார்கள். பாதி வழியில் எனக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். அவள் விறுவிறு என்று முன்னால் போய் நின்று, நான் வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்புவாள். எதிரில் யார் வந்தாலும் கையைத் தூக்கி "அரோகரா!" மாட்டுவண்டி வந்தால் மாட்டுக்கும் அரோகராதான். நீ பழக்கியதுதானே.

அப்படி நடக்கும்போதுதான் ரெஜினா டீச்சர் அவளைப் பார்த்தார். டவுன் பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக் கொடுக்கிறவர். உண்ணாமலை மாதிரி புத்தி வளர்ச்சி கம்மியானவர்களை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேர்த்து ஓட்டம், பந்து என்று விளையாட வைக்கிறார். இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஒரு கம்பவுண்டரும், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒருவரும் உதவிக்கு வருகிறார்கள்.

"இந்தக் காலு வீட்ல உக்கார்ற காலு இல்லம்மா. அனுப்பி வைங்க."

"சிரிப்பாங்க டீச்சர்."

"இப்ப சிரிக்காமயா இருக்காங்க?"

கூட்டிக்கொண்டு போனேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவளைப் போலத்தான், யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? என்னையும் அவர்கள் சும்மா உட்கார விடவில்லை. ஓடுகிற கோடு முடியும் இடத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஓடி வருகிறவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே ஒரு ஆள் தேவையாம். புடவையெல்லாம் மற்றவர்கள் வியர்வையாகிவிடும். போகப்போக எனக்கு அது பிடித்துவிட்டது.

பொங்கல் கழிந்து போட்டி வைத்தார்கள். மைக் செட், சாமியானா, வேடிக்கை பார்க்க ஊர்க் கூட்டம். அதுவரை நேர்க்கோட்டில்தான் ஓடிப் பழகியிருந்தார்கள். அன்றைக்குக் கடைசியாக, மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னார்கள். விசில் ஊதியதும் ஐந்து பேர் இடப்பக்கமாக ஓடினார்கள். உண்ணாமலை நின்றாள். பார்த்தாள். திரும்பி வலப்பக்கமாக ஓட ஆரம்பித்தாள்.

"உண்ணா, இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று டீச்சர் கத்தினார்.

கடலை விற்கிற கோவிந்தம்மா, அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே, "அடியே, அது வூட்டுக்குப் போவுதுடி!" என்றாள். மைதானமே சிரித்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரும் சிரித்தார்.

கோடு முடிகிற இடத்தில் நின்ற நான் என்ன செய்தேன் தெரியுமா? மலையைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். பார்த்தவர்கள் வேண்டிக்கொள்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். அது வேண்டுதல் இல்லை அக்கா, ஒளிந்துகொண்டேன்.

அதனால் நடுவில் நடந்ததை நான் பார்க்கவில்லை, கம்பவுண்டர் சொல்லித்தான் தெரியும். பாதிச் சுற்றில் ஐந்து பேரும் எதிரில் வந்தபோது இவள் கையைத் தூக்கி "அரோகரா!" என்றாளாம். இரண்டு பேர் ஓட்டத்தை நிறுத்திக் கும்பிட்டார்களாம்.

என் முந்தானையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள்.

"சித்தி, கை நீட்டலியே நீ."

மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். முழுச் சுற்றும் ஓடியிருந்தாள். நான்தான் வேறு பக்கம் பார்த்து நின்றிருந்தேன்.

விசில் வைத்திருந்த பெரியவர், "எடமாத்தான் ஓடணும், அதான் ரூலு. இது செல்லாதும்மா" என்றார். ஓடின எல்லாருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள், அவளுக்கும் கிடைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏண்டி அவங்க ஓடின பக்கம் நீ ஓடல?"

"அந்தப் பக்கம் அம்மா செத்ததுக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. அடி அண்ணாமலையில் இறங்கி நடக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசியைக் கையில் வைத்துக்கொண்டு பொம்பளைகள் எல்லாரும் உன்னை இடமாகச் சுற்றினோம். இவள் மட்டும் கோயிலில் சுற்றுகிற மாதிரி வலப்பக்கம் திரும்பினாள். தோளைப் பிடித்துத் திருப்பி இழுத்தவள் நான்தான். கிள்ளவும் செய்தேன். அன்றைக்கு ஒரு நாள்தான் அவள் இடமாகச் சுற்றியது. இன்னொரு தரம் எப்படிச் சுற்றுவாள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம் என்று இருந்தேன். அவள் மத்தியானமே தலை சீவிக்கொண்டு வாசலில் நின்றாள். போனோம். டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நாங்க பொறந்ததுலேர்ந்து வலமா சுத்தறவங்க டீச்சர். எல்லாரும் வலமா ஓடினா மைதானம் என்ன தேஞ்சா பூடும்?"

டீச்சர் சிரித்துவிட்டார். "பெரியவருகிட்ட கேட்டுப் பாக்கறேம்மா. அவரு ஒத்துக்கணுமே."

ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ, தெரியாது. ஆனால் நாலு பேர் சிரித்தது உன் மகளை ஒன்றும் செய்யவில்லை அக்கா. அவள் காதில்கூட அது விழவில்லை. கூசிப் போனது நான். உயிரோடு இருந்தால் நீயும் கூசியிருப்பாய், இல்லையா?

அதனால் உனக்குக் கொடுத்த வாக்கை உன்னிடமே திருப்பிக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள். அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்: ஊரே சிரித்தாலும் கோடு முடிகிற இடத்தில் நான் நிற்பேன். அவள் எந்தப் பக்கமாக ஓடி வருகிறாளோ அந்தப் பக்கம் பார்த்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

உன் கூடப் பிறந்தவள், உன் மகளுக்குச் சித்தி,
பச்சையம்மாள்