நிரவிய தோல்

மார்ச் 4

பம்ப் உறைகளை ஸ்கேன் செய்து வெட்டும் எங்கள் பட்டறைக்கு ஒரு சிற்பி வந்திருக்கிறார். மனிதத் தோலைப் பல மடங்கு பெருக்கி, ஃபோமில் ஒன்பது பலகைகள் வேண்டுமாம். “எது முழங்கால், எது கன்னம்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது தம்பி. ஆனா தோலுக்குச் சொந்தக்காரங்க பார்த்ததும், ‘இது நான்’னு சொல்லணும்.” தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேலை வேலைதான்.

மார்ச் 6

முதலில் அவருடைய கழுத்து. வழக்கம்போல மேடுபள்ளங்களைக் கணினியில் நிரவி, வெட்டிக் கொடுத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“யாரு இது?”

“நீங்கதான் மேடம்.”

“நானா? சோப்புக்கட்டி மாதிரி இருக்கு!”

பம்பில் சுருக்கம் இருந்தால் கழித்துக்கட்டுவோம். இவருக்கு அதுதான் வேண்டுமாம்.

தன்னையே அடையாளம் தெரியாத இதே பார்வையை இன்னொருத்தியிடம் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 7

எழுதித் தொலைக்கிறேன். ஸ்கேனர் வந்த அன்று, அப்போது என்னோடு வாழ்ந்த அவளைத்தான் முதலில் ஸ்கேன் செய்தேன். தோள்பட்டைக்குக் கீழே ஒரு தழும்பு, சின்ன வயதில் வெந்நீர் கொட்டியது. அதை நிரவி, ஏதோ பரிசு மாதிரி, திரையில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். “நல்லா இருக்கா. இவகூடவே இரு.”

கிண்டல் என்று சிரித்தேன். மடையன். அந்த மாதமே போய்விட்டாள். இரண்டு வருடம் ஆகிறது.

நிரவாத கோப்பை அன்றே அழித்துவிட்டேன் — கணினியில் இடத்தை அடைக்கிறதாம்!

மார்ச் 11

ஒன்பதாவது பலகைக்கு ஆள் கிடைக்கவில்லை. என்னிடம் ஒரு கோப்பு இருக்கிறது என்றேன். அவளுடைய இரண்டு தோளும் சேர்த்து, நான்கு மடங்கில் வெட்டினேன். வழவழவென்று மணல்மேடு. தழும்பை நானே களிமண்ணில் வைக்கிறேன்.

மார்ச் 15

தழும்பு சரியாக வரவில்லை. நாலு தடவை பெயர்த்தாயிற்று.

“அளவு தெரியுமா?” என்றார் சிற்பி.

“நாலு சென்டிமீட்டர். அரை மில்லி மேடு.”

“தொட்டிருக்கியா?”

ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மார்ச் 16

வெட்கத்தை விட்டு அவளுக்குச் செய்தி அனுப்பினேன். “தழும்பு இடது பக்கம்தானே?”

மார்ச் 17

பதில் வரவில்லை.

மார்ச் 19

“வலது.” பின்னாலேயே, “எதுக்கு?”

“தப்பா நெனச்சுட்டு இருந்தேன்” என்று அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். அதோடு சரி.

எப்போதும் எதிரில் நின்றே பார்த்தவன் நான். என் இடது, அவளுக்கு வலது; ‘இடது’ என்று மனதில் பதிந்ததை அவளுடைய இடது தோளிலேயே வைத்துவிட்டேன். இதுகூடவா தெரியாது?

மார்ச் 20

களிமண்ணைப் பெயர்த்தேன். அவளுடைய வலது தோளைத் தொடவில்லை. இடது தோளில், ஃபோமில் என் கட்டைவிரல் அமுங்கிய குழிகள். உப்புத்தாள் தானாகக் கைக்கு வந்துவிட்டது. தேய்க்காமல் கீழே வைத்துவிட்டேன்.

சிற்பி பெயர்ச்சீட்டோடு வந்தார். “இது யாரோடது?”

“என்னோடது மேடம்.”