உம்மா சொன்ன கட்டி

1986 ஜூலை 3, வியாழன்
காலையிலேயே மேற்கிலிருந்து சுடும் கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. நேற்றுத்தான் உம்மாவும் நானும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தோம். பஸ் குலுக்கிய குலுக்கில் தையல் இன்னும் விண் விண்.

நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொங்கிய மார்பைக் குறைத்து, தூக்கித் தைத்தாயிற்று. தோள்வலியும் அடியில் வரும் புண்ணும் தீருமாம்.

டொக்டர் சொன்னது: கை உயர்த்தாதே. குடம் தூக்காதே. மல்லாந்து படு. காம்பு கொஞ்ச நாள் மரத்திருக்கும். வீக்கம் வடிய மாதங்கள். தழும்பு மங்கும், போகாது. இனிப் பிள்ளை பிறந்தால் பால் கொடுக்க முடியாமல் போகலாம்.

தொழுகையில் தக்பீருக்குக் காதுவரை உயர்த்த வேண்டிய கை பாதிதான் எழும்பியது. மீதியை மனதின் நிய்யத்தில் வைத்தேன்.

ஜூலை 5, சனி
வீடு நிறையப் பெண்கள். மார்பில் கட்டி எடுத்ததென்று உம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பிஸ்கட், தோடம்பழம். பக்கத்து வீட்டு மாமி பால்சுறா மீன் வறை கொண்டுவந்தார், பிள்ளை பெற்றவளுக்குப் போல, பால் ஊற! நல்ல ருசி.

சாகக் கிடப்பவளுக்குப் போல யாசீன் ஓதி அழுதார்கள். வெட்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தேன்.

அவர்கள் போனதும் உம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"வேற என்னத்தச் சொல்ற புள்ள? மார அழகாக்கப் போன எண்டா?"

அழகுக்கில்லை, வலிக்கு என்றேன். (அழகுக்கும் கொஞ்சம்தான். இதை யார் படிக்கப் போகிறார்கள்.)

ஜூலை 9, புதன்
பின்வளவில் குடியிருக்கும், எனக்கு அக்கா முறையான சுபைதா ராத்தா வந்தார். மற்றவர்கள் போனபின் கதவைச் சாத்தினார்.

"ஒனக்கு எடுத்த கட்டி நொந்ததா?"

"இல்ல ராத்தா." நாக்குப் புரண்டது.

"எனக்கும் நோவில்ல. ரெண்டு வருசமா இரிக்கி. ஆம்புள டொக்டருக்கிட்ட எப்பிடிக் காட்டுற? ஒனக்கு ஒண்டும் இல்லாமப் போச்சி. என்டயும் அப்பிடித்தானே?"

என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தார். புளியங்கொட்டை அளவு. அசையவில்லை.

சட்டையை விலக்கிக் கட்டுத் துணியைக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். "எனக்குக் கட்டியே இரிக்கல்ல ராத்தா."

கோபிப்பார் என்று நினைத்தேன். என் சட்டையைத் தானே மூடிவிட்டார்.

"அப்ப என்டது?"

ஜூலை 10, வியாழன்
கல்முனை ஆஸ்பத்திரி. பஸ்ஸில் இடமில்லை. மேல் கம்பியைப் பிடிக்க எனக்குக் கை எழும்பாது. வழியெல்லாம் ராத்தாதான் என்னைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆண் டொக்டர்தான். திரைக்கு வெளியே ராத்தா கால் நகராமல் நின்றார். "திரும்பிப் போவம் புள்ள, வா."

அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். "முதல்ல என்ட தையலப் பாருங்க டொக்டர்" என்று என் பொத்தானைக் கழற்றினேன்.