அடிக்காத பந்து

என் செல்ல மகளுக்கு,

போனில் சொன்னால் கேள்வி மேல் கேள்வி கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பிள்ளைகளுக்கு கோல்ஃப் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றதும், "சம்பளமில்லாத வேலைக்கு இந்த வெயில் வேறயாம்மா?" என்று சிரித்தாய். வெயில் பழகிவிட்டது. இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துப்போகிறேன், அவ்வளவுதான்.

இன்று பிள்ளைகள் வரிசையாக நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற எங்கள் வாயாடி மட்டையை வீசினாள். நான் வழக்கம்போல வானத்தைப் பார்த்துவிட்டு, "அருமை! நேராப் போச்சு பாரு" என்றேன்.

அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், நான் இன்னும் அடிக்கவே இல்ல. சும்மா வீசிப் பாத்தேன். பந்து இங்கதான் இருக்கு."

யாராவது சிரித்துத் தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை. அத்தனை வாலுகளும் கப்சிப்பென்று நின்றன. ஒருத்தி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

மைதானப் பொறுப்பாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை வருவாய் அல்லவா? கண் டாக்டரிடம் போகலாம் என்று நச்சரித்தாயே, போகலாம். வழியில் எதுவும் கேட்காதே. படி இறங்கும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்.

உன் அம்மா