ஆண்கள் பக்கம் உட்கார்ந்த பிள்ளை

டெனின் அப்பாவுக்கு,

சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நேரில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இன்று பூசையில் டெனின் ஆண்கள் பக்கம், உங்களோடு இருந்தான். நான் பாடகர் குழுவில் நின்றேன். நீங்கள் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் மாதா பீடத்துக்கு ஓடி, எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்திகளை எல்லாம் ஊதி அணைத்துவிட்டுக் கைதட்டினான். பிறந்தநாள் என்று நினைத்திருக்கிறான். அதில் ஒன்று ஜெஸிந்தா டீச்சர், செத்துப்போன தன் மகளுக்காக ஏற்றியது. பாட்டைப் பாதியில் விட்டு ஓடிப்போய் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டது நான். நீங்கள் தலை நிமிரவில்லை.

அதுகூடப் போகட்டும்.

கடைசியில் அறிவிப்பு வாசிக்கப் போன உங்களிடம் சாமியார் சொன்னது எனக்கும் கேட்டது. "பெத்தவங்க பிள்ளைகளப் பாத்துக்கணும்னு சொல்லிருங்க." மைக்கில் நீங்கள் சொன்னதோ, "தாய்மார்களே, பிள்ளைகளை அடக்கி வையுங்கள்." மொத்தக் கோவிலும் திரும்பி என்னைப் பார்த்தது. கூடச் சேர்ந்து நீங்களும் பார்த்தீர்கள்.

பூசை முடிந்ததும் பங்குக் கூட்டம் இருக்கிறதென்று கோவிலிலேயே நின்றுவிட்டீர்கள். வீட்டுக்குத் திரும்பும் வெலிங்டன் பஸ்ஸில் டெனின் என் முந்தானையை இழுத்துக் கேட்டான்: "நாந்தானேம்மா ஊதுனேன்? அப்பா எதுக்கு உன்னையத் திட்டுனாங்க?"

ஐந்து வயது. அவன் ஒத்துக்கொண்டான்.

ஒரு மெழுகுவத்தி வாங்கி அவன் கையில் கொடுத்து, டீச்சர் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். வர மனமிருந்தால் வாருங்கள்.

இப்படிக்கு,
பெற்றவர்களில் ஒருத்தி