தரை பட்ட இடமெல்லாம்

மச்சான்,

இன்று காலை சிலிபின் பக்கத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தரையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வாளியிலிருந்து எலுமிச்சை வாசனை குப்பென்று ஏறியது. உன் மகன் வீட்டு வாசனை. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அங்கே கோப்பியும் இப்போது முன்போல் இல்லை, பாலைக் கொட்டிப் பாயசமாக்கி விடுகிறார்கள். அது கிடக்கட்டும்.

உன் நாய் ஜிம்மியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். உன் பெண்சாதி, என் தங்கச்சி, கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டில் உன் பேச்சுக்குக் காது கொடுத்தது ஜிம்மி ஒன்றுதான். உன் நாற்காலிக்குக் கீழே, வெறும் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்திருக்கும். அந்த வயிற்றில்தான் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு வந்தது. சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது.

"அப்பா, பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். ஒன்னு குணமாகணும், இல்ல வெளிய போகணும்," என்றான் உன் மகன்.

நான் கறுப்பெண்ணெய் பூசச் சொன்னேன். ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது லாரியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைத்தானே நாய்ச் சொறிக்குப் பூசுவோம். நீ முறைத்தாய்.

"அத நக்கி நம்ம லயத்துல எத்தன நாய் செத்துச்சு, மறந்துட்டியா? உனக்குத்தான்டா பூசணும்."

கடைசியில் ஜிம்மியை நமக்கு நடுவில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிருக டாக்டரிடம் போனோம். நம்ம தமிழ்ப் பிள்ளைதான், சின்ன வயது. தோலைச் சுரண்டியெடுத்துப் பார்த்தாள். பூச்சி இல்லை. வயிறு, தொடையிடுக்கு, அக்குள், முகவாய். தரை பட்ட இடத்தில் மட்டும்தான் தடிப்பு.

"அங்கிள், வீட்ட எதுல துடைக்கிறீங்க? தரை துடைக்கிற மருந்துத் தண்ணிதான் ஒத்துக்கல. அத நிறுத்துங்க, பச்சத் தண்ணியில துடைங்க. இது யாருக்கும் தொத்தாதுலா."

வரும் வழியெல்லாம் பாட்டுப் பாடினாய். வீட்டு வாசலில் பாட்டு நின்றது. இரண்டு நாள் கழித்துக் கேட்டேன்.

"சொல்லிட்டியா?"

"அந்த எலுமிச்சத் தண்ணி மருமக ஆசையா வாங்குனது. வீடு அவங்க வீடு. எப்படிலா சொல்றது?"

"அப்ப நான் சொல்றேன்."

"நீ சொன்னா, அப்பா வெளிய போய்க் குறை சொல்றாருன்னு நினைப்பான். சும்மா இரு மச்சான், உன்னக் கும்பிடுறேன்."

மருமகள் துடைத்துவிட்டுப் போனதும், யாரும் பார்க்காதபோது, உன் நாற்காலிக்குக் கீழே மட்டும் ஈரத்துணியால் திரும்பத் துடைத்தாய். முட்டிவலியோடு குனிந்து துடைத்தாய். அங்கே படுத்த நேரத்தில் ஜிம்மிக்குச் சுகம். ஆனால் நாய் ஒரே இடத்திலா கிடக்கும்? தடிப்பு போவதும் வருவதுமாக இருந்தது.

ஒருநாள் கோயிலுக்குப் போய்த் திரும்பினாய். ஜிம்மி இல்லை.

"நம்ம பழைய தோட்டத்துப் பக்கம் விட்டுட்டேன்பா. செம்பனைக்குள்ள ஓடியாடி ஜாலியா இருக்கும்லா," என்றானாம் உன் மகன்.

ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு, லயத்தையும் இடித்துத் தள்ளிய இடம். மனிதன் இல்லாத இடத்தில், சோறும் நெத்திலியும் தின்று பழகிய நாய் எதைத் தின்னும்? நாம் போய்த் தேடினோம். வரிசை வரிசையாய் நடந்து கூப்பிட்டாய். நம் வீடு இருந்த இடம் எதுவென்றே நமக்குத் தெரியவில்லை, அதற்கு எப்படி வழி தெரியும்? தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினாய். அன்றைக்கும் மகனோடு உட்கார்ந்து, "கறி நல்லாருக்கு," என்று சொல்லிச் சாப்பிட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு அந்த நாற்காலியில் நீ அதிக காலம் உட்காரவில்லை.

உன் கருமாதிக்குப் போனேன். உன் மகன் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டான்.

"மாமா, நாய விட்டதுல அப்பாக்கு என் மேல கோவமா?"

"உங்கப்பனுக்குக் கோவப்படத் தெரியாதுப்பா."

ஆறுதலாய்த் தலையாட்டி, என் இலையில் இன்னொரு வடை வைத்தான். அவனுக்கு ஆறுதலாக நான் அதைச் சொல்லவில்லை, மச்சான். உன் மேல் எனக்கிருக்கிற குறையே அதுதான். ஜிம்மிக்காக நீ ஒரு தரமாவது பட்டிருக்க வேண்டிய கோபத்தை, இப்போது நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.