மேளத்திடம் சொல்லிக்கொள்ளாமல்

லொய்சா, மெதியானியா அல்தா
ஞாயிறு மாலை

அன்புள்ள சுலெய்கா,

ஆறு வருடமாக நம்மிடம் ஒரு வார்த்தை பேசாத ஒருவர் ஒரு மத்தியானம் தன் மேளத்தால் நமக்குப் பதில் சொன்னால், அது பேசியதாகுமா? வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அதற்குள் போகுமுன் உன் சுகத்தைக் கேட்டுவிடுகிறேன். சிகாகோவில் குளிர் தொடங்கியிருக்கும், இருமல் விட்டதா, இரவுப் பணி முடிந்து வந்து சோறு வைத்துச் சாப்பிடுகிறாயா அல்லது பழையபடி நின்றுகொண்டே ரொட்டி கடிக்கிறாயா? இங்கே நான் சுகம். சமையலறைக் கூரை மட்டும் அதே மூலையில் ஒழுகுகிறது. பூனை காணாமல் போய் நான்கு நாள் கழித்துக் கொழுத்துத் திரும்பி வந்தது, யார் வீட்டில் தின்றது என்று சொல்ல மறுக்கிறது. ஈரப்பலா இந்த வருடம் காய்த்துத் தள்ளியிருக்கிறது, தனியாளாக என்ன செய்வேன், தெருவுக்கெல்லாம் கொடுக்கிறேன்.

ஜனவரியில் உன் கல்யாணத்தன்று கோயில் வாசலில் எலியூத் மாமாதான் மேளம் அடிக்க வேண்டும் என்று நீ எழுதி மூன்று மாதமாகிறது. கேட்டுவிட்டேனா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றுகிறேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தைரியம் வரவில்லை. புயல் அடித்து மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது என் அம்மாவின் மூச்சுக் கருவியை ஜெனரேட்டரில் ஓட்டிக்கொள்ளலாம், அக்காவை வீட்டை விட்டு நகர்த்தாதே என்றார் மாமா. நான்தான் வேதியியல் படித்தவள் ஆயிற்றே, எல்லாம் தெரிந்தவளாக சான் ஹுவான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பதினோராம் நாள் அம்மா போய்விட்டாள். அப்போது பக்கத்தில் நானும் இல்லை. மாமா வந்துசேர முடியாதபடி பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. அடக்கத்துக்குப் பிறகு மாமா என் முகத்தைப் பார்த்ததே இல்லை. ரொட்டிக் கடையில் எதிரே வந்தால்கூட எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் பார்ப்பார்.

அதனால்தான் இன்று ஊரில் நடந்த பொம்பா மேள ஆட்ட விழாவுக்குப் போனேன், மாமா அடித்து முடித்ததும் நேரே போய்க் கேட்டுவிடுவது என்று. இங்குள்ள இளைஞர்கள் மூன்றாவது வருடமாக நடத்துகிறார்கள். நம் ஆப்பிரிக்க மரபின் திருநாள் என்று பெரிய பதாகை. நாங்கள் இதை மரபு என்று சொன்னதே கிடையாது, ஞாயிற்றுக்கிழமை அப்பா மேளத்தை எடுப்பார், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் ஊர் எது என்று கேட்டால் சான் ஹுவான் என்று பொய் சொல்வேன், லொய்சா என்றால் உடனே என் சுருட்டைத் தலைமுடியைப் பார்ப்பார்கள். இன்று அதே சான் ஹுவான்காரர்கள் தலையில் வண்ணத் துணி கட்டிக்கொண்டு நம் சந்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று புரியாமல், ப்ரோவி அக்காவின் கடையில் நண்டு உருண்டை ஒன்றை வாங்கித் தின்றுகொண்டு நின்றேன். அக்கா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்னடி புரொபசரம்மா, வழி தப்பி வந்துட்டியா? இடுப்பக் கூட்டிட்டு வந்தியா, இல்ல அதையும் லைப்ரரில வச்சிட்டு வந்தியா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பார்க்க வந்தேன், ஆட வரவில்லை என்றேன். "பாக்க வந்தவதான் மொதல்ல ஆடுவா, நான் பாக்காத கூத்தா?" என்றாள்.

மாமா நடுவில் உட்கார்ந்து தலைமை மேளம் அடித்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு பெண் ஆடி முடித்து வணங்கி வெளியே வந்தாள், ஆடுகிற வளையம் காலியானது. பின்மேளங்கள் அந்த நிதானமான தாளத்துக்கு மாறின, அம்மா மட்டும் ஆடுவாளே, அது. நான் எப்படி உள்ளே போனேன் என்று கேட்காதே. கையில் எண்ணெய்க் காகிதம் அப்படியே இருந்தது. மேளத்துக்கு முன் தலை குனிந்தேன், நிமிர்ந்தேன், மாமா என்னைப் பார்த்தார். பார்த்துத்தானே ஆகவேண்டும்? ஆடுகிறவளிடமிருந்து கண்ணை எடுத்தால் பொம்பாவில் அடிப்பது எப்படி? தோளை அசைத்தால் தோளுக்கு ஓர் அடி, காலை எடுத்தால் காலுக்கென்று ஓர் அடி, நாம் சொல்வதை மேளம் சொல்ல வேண்டும். நான் தோளை அசைத்தேன், அடித்தார். பாதத்தை இழுத்தேன், அதற்கும் விழுந்தது. பிறகு அம்மா செய்வதுபோல் இடுப்பில் கை வைத்து அப்படியே நின்றுவிட்டேன். மேளமும் நின்றது. அம்மா எத்தனை நேரம் அவரைக் காக்க வைப்பாளோ அத்தனை நேரம் நின்றேன். மாமாவின் கை தோலுக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது, கண் இமைக்கவில்லை. பிறகு ஈ விரட்டுவதுபோல் காதருகே இரண்டு விரலைச் சுண்டினேன். விழுந்த அடியில் எனக்கு நெஞ்சு அதிர்ந்தது.

அங்கேதான் தப்பு செய்தேன். அழுகை வந்துவிட்டது, திரும்பி விறுவிறுவென்று வெளியே நடந்தேன். மேளத்துக்குத் தலை குனிந்து சொல்லிக்கொண்டு வரவில்லை. நம் ஊரில் நாலு வயதுக் குழந்தைகூட இதை மறக்காது. "ஏய் நில்சா, மேளத்துகிட்ட சொல்லிட்டுப் போடி! அப்பன் பேரக் கெடுக்காத!" என்று ப்ரோவி அக்கா பின்னாலிருந்து கத்தினாள். மேளம் நிற்கவில்லை. மூன்று அடி, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று அடி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை.

இப்போது ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். மாமா எனக்குப் பதில் சொன்னார் என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த நியூயார்க் பெண்ணுக்கும் அதேபோல்தானே அடித்தார், யார் வந்து நின்றாலும் பதில் சொல்வதுதானே அந்தக் கையின் வேலை என்று இன்னொரு மனம் சொல்கிறது. ஒரு சோதனையை இப்படிச் செய்துவிட்டு வரும் மாணவனை நான் ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதைவிட, வணங்காமல் வந்ததை நான் வேண்டுமென்றே செய்த அவமரியாதை என்று அவர் நினைத்துவிட்டால், உன் கோயில் வாசலுக்கு வேறு ஆள்தான் பார்க்க வேண்டும். என்னை மன்னித்துவிடு மகளே.

திங்கள்

கடிதத்தை ஒட்டவில்லை, நல்லதாயிற்று. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். காலை ஏழு மணிக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையில் துண்டோடு காபி போட்டுக்கொண்டிருந்தேன், வாசலில் மூன்று அடி கேட்டது. போய்ப் பார்த்தால் மாமா, கார் நிறுத்தும் இடத்தில் மேளத்தை வைத்துக்கொண்டு என் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். "சொல்லிக்காம வந்துட்ட. ராத்திரி பூரா இவனத் தூங்க வைக்க முடியல" என்றார் மேளத்தைக் காட்டி. நான் ரப்பர் செருப்போடு நின்றேன், துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மேளத்துக்குத் தலை குனிந்தேன். ஓர் அடி அடித்து நிறுத்தினார். "காபி இருக்கா?" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். அம்மாவைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. பாதிக் கோப்பை குடித்த பிறகு, "ஜனவரில எத்தனாம் தேதி?" என்றார். இதை அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நிற்பவள்தான். பதினான்கு, சனிக்கிழமை என்றேன். மீதிக் காபியை ஒரே மடக்கில் குடித்தார். எழுந்து கேட்வரை போனார். மேளம் அங்கேயே இருந்தது, மறந்துவிட்டீர்களே என்றேன். "முதுகு வலிக்குது, யாரு தூக்கிட்டு அலையிறது? ஜனவரி வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். மழ படாம மூடி வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் துண்டால்தான் மூடி வைத்திருக்கிறேன். நீயும் உன்னவனும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. ஆடுவதற்குத் தோல் அடிப்பாகம் உள்ள செருப்பு கொண்டுவா. கோயில் வாசலை விட்டுக் கிளம்பும்போது மேளத்திடம் சொல்லிக்கொண்டு கிளம்பு.

உன் அம்மா,
நில்சா